எப்.ஓ.பி. தூத்துக்குடி

என் புருஷன் மலைக்காய்ச்சலில் இறந்த வருஷம், ஏலத்தோட்டத்தை என்ன செய்வது என்று என்னைத் தவிர எல்லாரும் பேசினார்கள். தோட்டம் கம்பம்மெட்டுக்கு மேலே, திருவிதாங்கூர் எல்லைக்குள் இருந்தது. நாங்கள் குடியிருந்தது கீழே, உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில். காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் கொழுந்தனார் வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"மதினி, மலையில பொம்பள போயி நிண்டு வேல வாங்க முடியாது. தோட்டத்த என் பேருக்குக் குத்தகையா எழுதிக் குடுங்க. வீட்டுக்கு வேண்டியத வருசா வருசம் நான் கொண்டாந்து போடுறேன்."

"மாட்டேன் தம்பி."

அவர் கோபப்படவில்லை. பெண்பிள்ளை, துக்கத்தில் பேசுகிறாள், ஒரு காய் எடுப்பு போனால் தானாக இறங்கி வருவாள் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்புதான் என்னை மலைக்கு ஏற்றியது. அட்டை கடித்த காலோடு ஏறி இறங்கினேன். மலையாளத்து ஆட்களோடு பாதி மலையாளத்தில் சண்டை போட்டு வேலை வாங்கினேன். காய் நன்றாகவே வந்தது.

விளைய வைப்பதில் இல்லை கஷ்டம், விற்பதில்தான் இருந்தது. போடியில் ஏலக்காய் மண்டிகளில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் துண்டுக்கு அடியில் கையைக் கொடுத்து, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. என் கையை எவன் பிடிப்பான், நான்தான் எவன் கையைப் பிடிப்பேன்? "ஆம்பள யாரையாச்சும் அனுப்புங்க ஆத்தா" என்றார் மண்டிக்காரர். அனுப்புவதற்கு எனக்கு இருந்த ஆம்பளை கொழுந்தனார் ஒருவர்தான்.

அந்த நேரத்தில்தான் கம்பெனி ஏஜண்டு வீடு தேடி வந்தார். தூத்துக்குடியில் இருந்த ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்குச் சரக்குப் பிடித்துக் கொடுப்பவர். கோட்டும் தலைப்பாகையுமாக வந்து, துண்டும் வேண்டாம் விரலும் வேண்டாம், விலை பேப்பரிலேயே இருக்கிறது, காய் நேரே லண்டனுக்குப் போகும் என்றார். பெட்டிகளையும் அவரே கொடுப்பதாகச் சொன்னார். எனக்கு அது சாமி வந்து சொன்னதுபோல் இருந்தது. பேப்பர் இங்கிலீஷில் இருந்தது. நான் தமிழில் என் பேரை எழுதினேன். கொழுந்தனார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பெட்டிகள் மாட்டுவண்டியில் போடிக்குப் போய், ரயிலேறி, தூத்துக்குடி போய்ச் சேர்ந்தன.

கொஞ்ச நாள் கழித்து ஏஜண்டு திரும்ப வந்தார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, சரக்கில் ஒரு பகுதி உப்புத்தண்ணியில் நனைந்துவிட்டது, கப்பல்காரன் வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டான், அந்த நஷ்டம் உங்களுடையது என்றார்.

"என்கிட்ட இருந்தா நனைஞ்சது? நீங்க எடுத்துட்டுப் போயித்தான நனைஞ்சது?"

"சரக்கு ரெயிலைத் தாண்டலை அம்மா. ரெயிலைத் தாண்டுற வரைக்கும் அது உங்க சரக்கு."

"போடியில ரயிலேத்துனத நானே நிண்டு பாத்தேன்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அந்த ரயில் இல்ல. கப்பலோட ரெயில். கப்பல் ஓரத்துல கைப்பிடிக் கம்பி இருக்குமில்ல, அது. அந்த விளிம்பத் தாண்டி உள்ள இறங்கினாத்தான் கம்பெனி சரக்கு. பேப்பர்ல எழுதியிருக்கு. எப்.ஓ.பி. தூத்துக்குடி."

கொழுந்தனார் பக்கத்தில்தான் இருந்தார். ஏஜண்டு போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன பேசுறது? இதுக்குத்தான் மொதல்லயே சொன்னேன். குத்தகைப் பத்திரத்த எழுதிருவம்."

சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கும் அந்த மூன்று எழுத்துக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய அவமானம் என்னுடையது மட்டும் என்பதுபோல் பேசினார்.

என் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் ராயப்பன்பட்டிக்காரப் பெண் ஒருவர் டீச்சராக இருந்தார். வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். என் வயதுதான் இருக்கும். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர். பேப்பரை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ப்ரீ ஆன் போர்டுன்னு இருக்குக்கா. ப்ரீன்னா சும்மா. போர்டுன்னா பலகை. பலகை மேல சும்மா." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆனா இது இங்கிலீஷ் இல்லக்கா, வேற என்னமோ பாஷை."

"அந்தப் பாஷை பேசுறவக எங்கன இருக்காக?"

"தூத்துக்குடியில."

"அப்ப அங்கனயே போயிக் கேப்போம். லீவு போட முடியுமா டீச்சர்?"

அவர் லீவு போட்டார். தூத்துக்குடியில் அவருடைய சித்தி வீடு இருந்தது, தங்குவதற்கு இடம் இருந்தது. என் மகளை என் தங்கையிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ரயிலேறினோம். கொழுந்தனார் வழி மறிக்கவில்லை. "போயிட்டு வாங்க. கடலப் பாத்த மாதிரியாவது இருக்கும்" என்றார். அந்தச் சொல் மதுரை வரைக்கும் காதில் இருந்தது.

கம்பெனி ஆபீஸில் உள்ளே வெள்ளைக்கார மேனேஜர், வெளியே நம் ஊர்க் கிளார்க்கு. கிளார்க்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். முதலில் எங்களை யாரோ நன்கொடை கேட்டு வந்தவர்கள் என்று எண்ணியிருக்கிறார். டீச்சர் பேப்பரை நீட்டியதும் நாற்காலி போட்டார். நல்ல மனிதர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்.

எப்.ஓ.பி. என்றால், விற்கிறவன் தன் செலவில், தன் பொறுப்பில் சரக்கைக் கப்பலுக்குள் ஏற்றிக் கொடுக்க வேண்டும். கப்பல் விளிம்பைத் தாண்டியதும் பொறுப்பு வாங்குகிறவனுக்கு மாறும். சி.ஐ.எப். என்று இன்னொன்று உண்டு. அதில் சரக்கு விலையோடு இன்சூரன்ஸும் கப்பல் கூலியும் சேரும். கப்பல்காரன் கொடுக்கும் ரசீதுக்குப் பில் ஆப் லேடிங் என்று பேர். அதில் பெட்டிக்குள் ஏலக்காய் இருக்கிறது என்று எழுத மாட்டானாம், 'இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்றுதான் எழுதுவானாம். துறைமுக ஷெட்டில் சரக்குக் கெடு தாண்டிக் கிடந்தால் டெமரேஜ் கட்ட வேண்டும். புயலோ இடியோ வந்து கெட்டால் ஆக்ட் ஆப் காட், கடவுள் செயல், யாரும் பொறுப்பில்லை.

"எங்க சரக்கு நனைஞ்சது கடவுள் செயலா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. தோணியில தண்ணி ஏறியிருக்கு. கப்பல் கரைக்கு வராது, நடுக்கடல்ல நிக்கும். இங்கேருந்து தோணியில கொண்டு போய்த்தான் ஏத்தணும். தோணியில தார்ப்பாய் இல்ல. அடியில இருந்த பெட்டியெல்லாம் ஊறிப்போச்சு."

"தோணி யாருது?"

"கம்பெனி வாடகைக்குப் பிடிச்சது. உங்க செலவுல, உங்க பேர்ல பிடிச்சது. எப்.ஓ.பி.ன்னா அப்படித்தான்."

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்திருந்தது.

"என் பேர்ல தோணி பிடிச்சிருக்கீக. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. வாடகைய என் பேர்ல எழுதினவுக ஒரு தார்ப்பாய என் பேர்ல வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?"

கிளார்க்கு உள்ளே போய் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் வெளியே வந்தார். உயரமான, சலிப்புத் தட்டிய ஆள். இது அவர் ஏற்படுத்திய சட்டம் இல்லை, உலகம் முழுவதும் உள்ள வழக்கம் என்று சொல்வதாகக் கிளார்க்கு எங்களுக்குச் சொன்னார்.

"எங்க ஊரும் உலகத்துலதான் இருக்கு. வழக்கம் ஏற்படுத்துனப்ப எங்க ஊர்ப்பக்கம் யாரும் வந்து கேட்டதாத் தெரியலையே. அதச் சொல்லுங்க அவருகிட்ட."

கிளார்க்கு தயங்கினார். டீச்சரே எழுந்து இங்கிலீஷில் சொல்லிவிட்டார். சொல்லி முடித்தபோதும் அவர் உட்காரவில்லை.

என் பெட்டிகளில் அன்று தோணியில் ஏற்றாத மீதி இன்னும் துறைமுக ஷெட்டில்தான் இருந்தன. மறுநாள் காலையில் இன்னொரு கப்பலுக்கு ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். அந்த விளிம்பை நான் கண்ணால் பார்க்க வேண்டும், தோணியில் நானும் வருகிறேன் என்றேன். மேனேஜர் சிரித்தார். கம்பெனித் தோணியில் பெண்களை ஏற்றுவதில்லை என்றார்.

"கம்பெனித் தோணியா? இப்பத்தான என் பேர்ல பிடிச்ச தோணின்னு சொன்னீக. என் தோணியில ஏற நான் யாருகிட்ட உத்தரவு வாங்கணும்?"

கிளார்க்கு அதை மொழிபெயர்த்தபோது மேனேஜரின் வாய் கோணிக்கொண்டது. பிறகு ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"என்ன சொன்னாரு?"

"விழுந்து செத்தா அதுவும் எப்.ஓ.பி.தானாம்" என்றார் கிளார்க்கு. சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் நல்ல கெட்டித் தார்ப்பாய் ஒன்று வாங்கினோம். காலையில் தோணித்துறைக்குப் போனபோது தோணிக்காரர்கள் எங்களைப் பார்த்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களின் தலைவர், தண்டல் என்பார்கள், வயதானவர். டீச்சரின் சித்தி போகும் மாதா கோயிலுக்கே போகிறவராம். சித்தி பேரைச் சொன்னதும் கையைக் கொடுத்து ஏற்றிக்கொண்டார்.

பள்ளத்தாக்கில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் முல்லையாறும் கண்மாயும்தான். இது வேறு. கரை விலகியதும் தோணி தூக்கித் தூக்கிப் போட்டது. டீச்சர் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டார். நான் வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்தேன். ஆனால் தார்ப்பாயின் ஓரத்தை விடவில்லை. ஒவ்வொரு அலையும் தோணி மேல் அடித்துச் சிதறும்போது, அன்றைக்கு என் பெட்டிகள் எப்படி நனைந்திருக்கும் என்று தெரிந்தது. அவற்றை மூட ஒருவரும் இல்லை. அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, அந்த ஆத்திரத்தில் குமட்டல்கூடக் கொஞ்சம் அடங்கியது.

கிட்டத்தில் போனால் கப்பல் ஒரு கரட்டு மலைபோல் நின்றது. மேலேயிருந்து கயிற்று வலை இறங்கியது. பெட்டிகளை அதில் அடுக்கினார்கள். மேலே இயந்திரம் கறகறவென்று இழுத்தது. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது அந்த விளிம்பு. துருப்பிடித்த இரும்புக் கம்பி. அதில் ஒரு கப்பல்காரன் தன் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தான்.

ஒரு வலை மேலே போய், கம்பிக்கு நேராக நின்றுவிட்டது. இயந்திரத்தில் ஏதோ கோளாறு. பெட்டிகள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் ஆடிக்கொண்டிருந்தன.

"தண்டல் ஐயா, இப்ப அது யாரு சரக்கு?"

அவர் மேலே பார்த்தார். "இப்பவா தாயி? இப்ப அது ஆண்டவரு சரக்கு."

தோணியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் உயிர் பிடித்து, வலை உள்ளே இறங்கியது. அன்று போன பெட்டிகளில் ஒன்றுகூட நனையவில்லை. கப்பல் அதிகாரி கொடுத்த ரசீதில் குறை ஒன்றும் எழுதவில்லை என்று டீச்சர் படித்துச் சொன்னார்.

கரைக்கு வந்து நேரே ஆபீஸுக்குப் போனோம். நனைந்த பெட்டிகளைத் துறைமுகத்திலேயே ஏலம் போட்டு, வந்ததை அனுப்பிவைக்கிறோம் என்றார்கள். அது கம்பெனி செய்யும் தயவு என்பதுபோல் சொன்னார்கள்.

"விளிம்பத் தாண்டாதது என் சரக்குன்னு சொன்னது நீங்கதான? என் சரக்க ஏலம் போட நீங்க யாரு? நான் எடுத்துட்டுப் போறேன்."

டெமரேஜ் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். சித்தி வீட்டு மொட்டை மாடியில் பெட்டிகளைப் பிரித்து, காயை நல்ல தண்ணீரில் அலசி, பாய் விரித்துக் காயப்போட்டோம். தெரு முழுவதும் மணந்தது. பச்சை நிறம் போய் வெளுத்துவிட்டது, தோல் வெடித்துவிட்டது. லண்டனுக்கு ஆகாது. ஆனால் மிட்டாய்க்கடைக்காரர்களுக்கு நிறம் எதற்கு? கடை கடையாக நானும் டீச்சரும் கொண்டுபோய்க் கொடுத்தோம். லாபம் இல்லை. நஷ்டம்தான். ஆனால் அவர்கள் எனக்கென்று எழுதிவைத்த நஷ்டம் இல்லை அது.

ஊருக்கு வந்ததும் கொழுந்தனார் கேட்டார், "என்ன சாதிச்சிட்டு வந்தீக?"

"கடலப் பாத்துட்டு வந்தேன் தம்பி. நீங்கதான சொன்னீக."

அடுத்த காய் எடுப்புக்கு ஏஜண்டு அதே பேப்பரோடு வந்தார். நான் ஸ்டோர் வாசலைக் காட்டினேன். ஸ்டோர் என்பது காயை உலர்த்தி வைக்கும் கட்டடம்.

"இந்த நிலைப்படியத் தாண்டினா உங்க சரக்கு. வண்டி, ரயில், தோணி, கப்பல் எல்லாம் உங்க பாடு. அப்படி எழுதிக்கிட்டு வாங்க."

"உலகத்துல எந்தக் கம்பெனியும் அப்படி வாங்காதும்மா."

"அப்ப வாங்க வேண்டாம்."

அவர் என் வீட்டிலிருந்து கொழுந்தனார் வீட்டுக்குப் போனார். கொழுந்தனாருக்கும் மலையில் தனியாக ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. அவர் எப்.ஓ.பி.யில் கையெழுத்துப் போட்டார். அவருடைய பெட்டிகள் ஒரு சொட்டு நனையாமல் கப்பலேறின, பணமும் வந்தது. ஊரில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "கப்பலுக்கே சட்டம் போட்ட மகராசி" என்று என் காதுபட ஒருவர் சொன்னார். நியாயம் என் பக்கம் இருந்தால் காரியமும் என் பக்கம் நடக்கும் என்று நம்பியிருந்தேன் போல. அப்படி நடக்கவில்லை. அதற்காக நிலைப்படியை நகர்த்தவும் இல்லை.

காயைப் போடி மண்டிக்கே கொண்டுபோனேன். இந்த முறை ஆம்பளையை அனுப்பவில்லை. வியாபாரி துண்டை எடுத்துக்கொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் திகைத்து நின்றார்.

"துண்டு வேண்டாம். வாயில சொல்லுங்க" என்றேன்.

"வழக்கம் இல்லையே ஆத்தா."

"எனக்கும் வழக்கம் இல்ல. சொல்லுங்க."

அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். "கேக்கல" என்றேன். உரக்கச் சொன்னார். நான் அதைவிட உரக்க என் விலையைச் சொன்னேன். அடுத்த கடைக்காரருக்கும் அது கேட்டது, அவர் ஒரு படி ஏற்றிச் சொன்னார். கம்பெனி கொடுக்கும் விலை கிடைக்கவில்லை. ஆனால் அந்த வருஷத்தை ஓட்ட அது போதுமாக இருந்தது. அதன் பிறகு என் மூட்டை வந்தால் துண்டை ஓரமாக மடித்து வைத்துவிடுவார்கள்.

பிறகு ஒரு வருஷம் மலையில் மழை ஏமாற்றியது. எல்லார் தோட்டத்திலும் காய் குறைந்துபோனது. ஏஜண்டுக்குச் சரக்கு வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் குடையோடு வந்து, பேப்பரை நீட்டினார். டீச்சர் படித்தார். எக்ஸ் கோடவுன் என்று இருந்தது. கோடவுன் வாசலிலேயே ஒப்படைப்பு என்று பொருளாம். நான் சொன்னதற்கு அவர்களிடம் முன்பே ஒரு பேர் இருந்திருக்கிறது. உலகத்தில் எந்தக் கம்பெனியும் அப்படி வாங்காது என்று சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை சாட்சிக்கு டீச்சர்.

யுத்தம் வந்தது. கப்பல்கள் வருவது நின்றுபோனது. கொழுந்தனாரின் பெட்டிகள் தூத்துக்குடி ஷெட்டில் மாட்டிக்கொண்டன. ஏற்றக் கப்பல் இல்லை. விளிம்பைத் தாண்டாததால் அது அவர் சரக்கு, கம்பெனி கைகழுவிவிட்டது. டெமரேஜ் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவர் என் வீட்டுக்கு வந்தபோது நான் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"மதினி, அந்த ஆபீஸ் உங்களுக்குத் தெரிஞ்ச இடம். கூட வந்து ஒரு வார்த்தை பேசுனீகன்னா…"

போனேன். அவர் மேல் இரக்கப்பட்டு என்று சொல்ல மாட்டேன். அந்த ஆபீஸில் இன்னொரு தடவை பேச எனக்கு ஆசையாக இருந்தது. பழைய மேனேஜர் இல்லை, பட்டாளத்துக்குப் போய்விட்டாராம். கிளார்க்கு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கப்பல் கொண்டாந்து நிறுத்த வேண்டியது யாரு பொறுப்பு?" என்று கேட்டேன்.

"வாங்குறவங்க பொறுப்பும்மா. கம்பெனிதான்."

"நீங்க நிறுத்தல. அப்ப ஷெட்டுல கிடந்ததுக்கு வாடகை இவரு ஏன் கட்டணும்?"

கிளார்க்கு புது மேனேஜரிடம் போய் நெடுநேரம் பேசினார். டெமரேஜை முழுக்க விடவில்லை. பாதியை விட்டுக்கொடுத்தார்கள். பெட்டிகளை மீட்டு ரயிலில் ஏற்றினோம். திரும்பி வரும் வழியில் கொழுந்தனார் மதுரையில் இறங்கி எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு குத்தகை என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

யுத்தத்தில் நானும் தப்பவில்லை. ஏலக்காயை வாங்க ஆள் இல்லாமல் ஸ்டோரில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. போடி ரயில் தண்டவாளத்தையும் யுத்த வேலைக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். மாட்டுவண்டியில் மதுரை வரை போய்ச் சில்லறையாக விற்றேன். தோட்டத்தில் பாதியைக் காடு பிடிக்க விட்டுவிட்டு மீதியைக் காப்பாற்றினேன். என் நிபந்தனை என்னைப் பசியிலிருந்து காப்பாற்றியது என்று யாராவது சொன்னால் அது பொய்.

யுத்தம் முடிந்து மறுபடி கப்பல்கள் வரத் தொடங்கியதும் வேறொரு கம்பெனியிலிருந்து ஓர் இளவயது ஏஜண்டு வந்தார். நல்ல விலை சொன்னார், நான் அதுவரை கேட்டிராத விலை. பேப்பரில் பழையபடி எப்.ஓ.பி. என்று இருந்தது. இப்போது அந்த மூன்று எழுத்தை நானே படித்துக்கொண்டேன்.

"மாட்டேன்" என்றேன்.

"இந்த விலைக்கு வேற யாரும் வாங்க மாட்டாகம்மா."

"வாங்க வேண்டாம்."

அவர் பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் ஸ்டோருக்குள் போய்க் காயைக் கிளறிவிட்டேன்.